நர்ஸம்மா வந்தால் உள்ளே விடுங்கள்

(அம்பத்தூரில் நடந்த நல உதவிக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





கல்வி உதவித்தொகை பற்றிப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். படிவங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன, வாங்கிக்கொள்ளுங்கள். எனக்குக் கிடைத்த பத்து நிமிடத்தில் வேறொன்றைச் சொல்கிறேன்.

எங்கள் குடும்பத்து மருமகள் ஒருத்தி. அவள் அனுமதியோடுதான் சொல்கிறேன். தலைப்பிரசவம், சுகப்பிரசவம். ஏழாம் நாள் அகீகா கொடுத்தோம். மூன்றாவது வாரத்திலிருந்து அந்தப் பெண்ணுக்குத் தூக்கமில்லை. குழந்தை அழுதால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். கண்ணேறு என்றார்கள், ஜின் சேட்டை என்றார்கள். தண்ணீர் ஓதிக் கொடுத்தோம். மதரஸாவில் ஓதி, கல்லூரியிலும் படித்த எனக்கே வேறெதுவும் தோன்றவில்லை. ஓதியது தவறல்ல, அதோடு நிறுத்திக்கொண்டதுதான் தவறு.

ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குக் குழந்தை வரவில்லையே என்று விசாரிக்க வந்தார் நகர்ப்புற சுகாதார செவிலியர். தாயின் முகத்தைப் பார்த்தார். "எல்லோரும் கொஞ்சம் வெளியே இருங்கள்" என்றார். பத்து நிமிடம் கழித்து வந்து, "இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள், தனியாக விடாதீர்கள்" என்றார். அவள் உள்ளே என்ன சொன்னாள் என்பதை இங்கே சொல்லமாட்டேன். அல்ஹம்துலில்லாஹ், அந்தப் பிள்ளை இப்போது யு.கே.ஜி. படிக்கிறது.

"ஈமான் இருந்தால் மனச்சோர்வு வருமா?" என்று கேட்கிறார்கள். மர்யம் (அலை) பிரசவ வேதனையில் பேரீச்ச மரத்தடியில், இதற்கு முன்பே இறந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியதைக் குர்ஆன் சொல்கிறது. அவர்களை அல்லாஹ் கண்டிக்கவில்லை. கவலைப்படாதே என்ற ஆறுதலும், தண்ணீரும், பேரீச்சம்பழமும்தான் கிடைத்தன.

வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் ஆய்வு செய்து 2002ல் வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பின் 100க்கு 11 பெண்களுக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. அதோடு சேர்ந்து காணப்பட்டவை எவை தெரியுமா? வறுமை, மகனை எதிர்பார்த்த இடத்தில் மகள், மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு, கூடமாட உதவ ஆளில்லாதது. இந்தப் பட்டியலில் ஜின் இல்லை. நாம்தான் இருக்கிறோம்.

பாகிஸ்தானில் ராவல்பிண்டி பக்கம் டாக்டர் ஆத்திஃப் ரஹ்மான் குழுவினர் ஒன்று செய்தார்கள். கர்ப்பத்திலேயே மனச்சோர்வு கண்ட 900க்கும் மேற்பட்ட பெண்கள். ஒரு பகுதியினரிடம், ஊர்ப் பெண் சுகாதாரப் பணியாளர்களே பயிற்சி பெற்று வீடு தேடிப் போய்ப் பேசினார்கள். மனநோய் என்று ஆரம்பிக்கவில்லை. குழந்தை நன்றாக வளர வேண்டும் என்றுதான் பேச்சைத் தொடங்கினார்கள். மாமியார்களும் கதவைத் திறந்தார்கள். பிரசவமாகி ஆறு மாதத்தில் அந்தப் பெண்களில் 100க்கு 23 பேருக்குத்தான் சோர்வு நீடித்தது. இந்தப் பேச்சு கிடைக்காதவர்களில் 53 பேர். 2008ல் வெளியான முடிவு இது. பின்னர் உலக சுகாதார நிறுவனமும் இந்த முறையை எடுத்துக்கொண்டது.

நம் பகுதியிலும் செவிலியர் வருகிறார். 'பிக்மி' எண், உதவித்தொகை என்று விசாரித்துவிட்டு வாசலோடு அனுப்பிவிடுகிறோம். உள்ளே அழைத்து, மருமகளோடு தனியே பத்து நிமிடம் பேச விடுங்கள். மாமியார்களே, கோபிக்க வேண்டாம், நீங்களும் அந்த நேரம் அடுப்படியில் இருங்கள்.

முதல் பத்து நாள் கண்ணீர் வருவது பல பேருக்கு உண்டு, தானே போய்விடும். இரண்டு வாரம் தாண்டினால் டாக்டரிடம் காட்டுங்கள். சாவைப் பற்றிப் பேசினால், இல்லாத குரல் கேட்கிறது என்றால், குழந்தைக்குத் தீங்கு வருமோ என்ற பயம் உங்களுக்கு வந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. பால் கொடுக்கும் தாய்க்கும் தரக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. எது என்பதை டாக்டர் சொல்வார். 'டெலி மனஸ்' எண் 14416. இலவசம், தமிழில் பேசலாம், நள்ளிரவிலும் எடுப்பார்கள்.

ஆட்டோ கட்டணத்தை அறக்கட்டளை தரும். கூட வர ஒரு சகோதரியையும் அனுப்புவோம். பதிவேட்டில் தொகையை மட்டும் எழுதுவோம், பெயர் ஏறாது.

வஸ்ஸலாம்.