டிராகுலாவின் மகளும் பசித்த லில்லியும்
(தொழிலாளர் படிப்பகக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

பேய்ப் படத்தைப் பற்றிப் பேசக் கட்சி ஊழியனுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கதையைக் கேட்டுவிட்டு முடிவு சொல்லுங்கள்.

1931ல் அமெரிக்காவில் யூனிவர்சல் கம்பெனி ‘டிராகுலா’ படத்தை எடுத்தது. இரவில் சவப்பெட்டியிலிருந்து எழுந்து, மனிதர் கழுத்தில் பல்லைப் பதித்து ரத்தம் குடிக்கும் ஒரு பிரபுவின் கதை. நம் பாஷையில் ரத்தக் காட்டேரி. அந்தப் படம் உலகமெல்லாம் பேர் வாங்கியது. 1936ல் அதே கம்பெனி ‘டிராகுலாவின் மகள்’ படத்தை வெளியிட்டது. டைரக்டர் லாம்பர்ட் ஹில்யர். 71 நிமிஷப் படம். அப்பனை அறிந்தவர் அநேகர். மகளை அறிந்தவர் சொற்பம்.

இந்த மகள் ஒரு சீமாட்டி. பேர் மார்யா ஜலெஸ்கா. குளோரியா ஹோல்டன் நடித்திருக்கிறார். அப்பன் கொல்லப்பட்டதும், அவன் பிணத்தைத் திருடித் தன் கையாலேயே எரிக்கிறாள். எதற்கு? அத்தோடு தன்னைப் பிடித்த சாபமும் எரிந்து போகும், மற்றப் பெண்களைப் போல் தானும் வாழலாம் என்ற ஆசை.

பிறகு பியானோ முன் உட்கார்ந்து வாசிக்கிறாள். அந்தி வேளை, பறவைகளின் சிறகோசை என்று அமைதியான நினைவுகளைச் சொல்லிக்கொண்டே வாசிக்கிறாள். பக்கத்தில் நிற்கும் வேலைக்காரன் சாண்டோர், அது பறவையல்ல, வௌவால் என்கிறான். அவன் சொல்லச் சொல்ல அவள் விரல்கள் தடுமாறுகின்றன; சங்கீதம் மாறிப்போகிறது. தாகம் மறுபடியும் வந்துவிட்டது. பயந்து நடுங்க வேண்டிய நாம் அவளுக்காகப் பரிதாபப்படுகிறோம்.

அவள் ஒரு மனநோய் டாக்டரிடம் போகிறாள். குடிகாரன் மதுவைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு மன உறுதியால் ஜெயிப்பது போல, ஆசையை நேருக்கு நேர் நின்று எதிர்க்க வேண்டும் என்கிறார் அவர். சம்பள நாளன்று காலையில் பிள்ளை தலையிலடித்துச் சத்தியம் செய்துவிட்டு, மாலையில் மதுக்கடை வாசலில் நிற்கிறவனை நமக்குத் தெரியாதா? அவன் பொய்யனல்ல. காலையில் செய்த சத்தியம் மெய்தான். அதைக் காப்பாற்றும் பலம்தான் இல்லை. சீமாட்டியின் துயரமும் இந்த ஜாதிதான்.

ஆனால் தோழர்களே, அவளுடைய பரீட்சைக்கு ஓர் ஆள் வேண்டுமே! சாண்டோர் தெருவில் தேடுகிறான். பாலத்தில் ஒரு பெண் நிற்கிறாள். பேர் லில்லி, நடித்தவர் நான் கிரே. வாழ வழியின்றி ஆற்றில் விழப் போனவள். சித்திரம் எழுத உட்கார்ந்தால் பணம், சாப்பாடு, குளிர்காய நெருப்பு உண்டு என்கிறான். அவள் வருகிறாள். சீமாட்டி தன் தாகத்தோடு போராடித் தோற்கிறாள். ஆஸ்பத்திரியில் உயிரை விடுகிறவள் லில்லி.

படம் வந்த காலத்தை நினையுங்கள். 1933ல் அமெரிக்காவில் நாலு தொழிலாளிகளில் ஒருவருக்கு வேலையில்லை. கொட்டகையில் இருந்தவர்களுக்குக் காட்டேரி கற்பனை. பாலத்தில் நின்ற பெண் கற்பனையல்ல.

சாண்டோரின் கதி என்ன? சாகா வரம் தருவதாக அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள் சீமாட்டி. கடைசியில் அதை டாக்டருக்குக் கொடுக்கத் துணிகிறாள். அவளுக்காகப் பழி பாவம் எல்லாம் சுமந்தவன் அம்பெய்து அவளைக் கொல்கிறான். போலீஸ் குண்டுக்குத் தானும் பலியாகிறான். லில்லியைப் பிடித்துக் கொடுத்தபோது அவன் கை நடுங்கவில்லை. தன் பங்கு பறிபோனபோதுதான் வில்லை எடுத்தான்.

சாண்டோராக நடித்த இர்விங் பிச்செல் டைரக்டரும்கூட. 1947ல் அமெரிக்க விரோத நடவடிக்கைக் கமிட்டி சினிமாக்காரர்களில் 19 பேரை எதிரிச் சாட்சிகளாக அழைத்தது. அவர்களில் அவரும் ஒருவர். அவர் முறை வருமுன் விசாரணை நின்றுவிட்டது. சாட்சி சொன்னவர்களில் பத்துப் பேர் சிறை சென்றார்கள்.

தோழர்களே, சீமாட்டியின் கண்ணீர் பொய்யென்று நான் சொல்லவில்லை. அதை மெய்யாகக் காட்டியதுதான் இந்தப் படத்தின் பெருமை. அவளுக்காக இரங்குங்கள். ஆனால் படம் முடிந்து வீடு திரும்பும்போது, பசியோடு பாலத்தில் நின்ற லில்லியையும் மறந்துவிடாதீர்கள்.