உழவர் வீட்டுச் சட்டத்தரணி

(உழவர் சங்கக் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



படித்தவரும் உழுபவரும் ஒரே பந்தலின் கீழ் அமர்ந்திருக்கும் காட்சி நம்மிடையே அரிது. வழக்கு வந்தால் உழவர் எங்கள் வாயிலுக்கு வருவார். தேர்தல் வந்தால் நாங்கள் அவர் வாயிலுக்குச் செல்வோம். இடையிலே பேச்சுக் கிடையாது. ஆதலால், கமக்காரர் வீட்டிற் பிறந்து, சட்டம் கற்று, பின்னர் கமக்காரரின் வழக்கையே கையில் எடுத்த ஒருவரைப் பற்றிப் பேச விரும்பினேன். அவர் வல்லபாய் பட்டேல். சமஸ்தானங்களை இந்தியாவுடன் இணைத்த அமைச்சராக அவரை நீங்கள் அறிவீர்கள். அந்தப் பட்டேலைப் பற்றி நான் பேச வரவில்லை. அதற்கு இருபது ஆண்டுகள் முந்திய பட்டேலே என் பொருள்.

1875இல் குஜராத்தின் நடியாத் என்னும் ஊரில் அவர் பிறந்தார். தந்தையார் சவேர்பாய், கரம்சத் கிராமத்தில் நிலம் உழுதவர். அது கேடா மாவட்டம். நம்மைப் போலவே புகையிலைக்குப் பெயர் பெற்ற நாடு. வயலுக்குப் போகும் வழியில் தந்தையார் மகனுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பாராம். மகன் மெட்ரிக்குலேஷன் தேறியது 1897இல், இருபத்திரண்டாம் வயதில். நம் பெற்றோர் பதறிப் போகும் வயது! பிறரிடம் இரவல் வாங்கிய நூல்களைப் படித்தே 1900இல் வக்கீல் பரீட்சையில் தேறினார். கோத்ராவிலும் போர்சத்திலும் குற்ற வழக்குகளில் பெயரெடுத்தார்.

இங்கிலாந்து செல்லச் சேர்த்த பணத்தில் 1905இல் அவருக்கு வந்த பயணச் சீட்டில் ‘வி. ஜே. பட்டேல்’ என்றிருந்தது. தமையனார் வித்தல்பாய்க்கும் அதே முதலெழுத்துக்கள். மூத்தவன் நான், முதலில் நான் போகிறேன் என்றார் தமையன். தம்பி விட்டுக் கொடுத்தார். 1909இல் நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை நடத்திக் கொண்டிருக்கையில் மனைவி இறந்த தந்தி வந்தது. வாசித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு விசாரணையை முடித்தார் என்பார்கள். 1910இல் இலண்டன் சென்று, முப்பத்தாறு மாதப் படிப்பை முப்பது மாதத்தில் முடித்து, 1913இல் பாரிஸ்டராக அகமதாபாத் திரும்பினார். ஆங்கில உடை, மாலையில் குஜராத் கிளப்பில் சீட்டாட்டம், காந்தியடிகளைப் பற்றிக் கேலிப் பேச்சு.

அத்தோடு நின்றிருந்தால், கிராமத்தை விட்டுப் போய் முன்னேறிய ஆயிரம் பேரில் ஒருவர் ஆகியிருப்பார். அத்தகையோர் நம்மிடையிலும் உளர். நானும் விலக்கல்லன். இறைப்புக்குப் பிந்தி ஏச்சு வாங்கிய பிள்ளைதான் நான். ஆயினும் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் இவ்வாண்டு எத்தனை முழம் தண்ணீர் நிற்கிறது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

1918இல் கேடாவில் விளைச்சல் பொய்த்தது. முழு விளைச்சலைப் பதினாறு அணா எனக் கணித்து, நான்கு அணாவுக்கு மேற்படாவிடின் அவ்வாண்டு நிலவரியை நிறுத்திவைக்க வேண்டும் என்பது விதி. நான்கு அணாவுக்கு மேல் விளைந்தது என்றனர் அதிகாரிகள். இல்லை என்றனர் உழவர். இதனைச் சட்டப் புத்தகம் தீர்க்காது. வரப்பிலே நின்று கதிரைப் பார்க்கத் தெரிந்தவனே தீர்க்க முடியும். பட்டேல் தொழிலை ஒதுக்கிவிட்டு ஊர் ஊராக நடந்தார். கரம்சத் வயல் அவருக்குப் பயன்பட்டது அன்றுதான்.

பத்தாண்டுக்குப் பின் சூரத் மாவட்டத்துப் பர்தோலி. அங்கே அரசாங்கம் நிலவரியை 22 வீதம் உயர்த்தியது. நீதிமன்றம் செல்லலாமே என்பீர்கள். நிலவரி மதிப்பீட்டைச் சிவில் நீதிமன்றங்கள் விசாரிக்கலாகாது என்று 1876ஆம் ஆண்டுச் சட்டமொன்று கதவை அடைத்திருந்தது. வரி விதித்தவரே அவ்வரி நியாயமா என்றும் தீர்ப்பளித்தார்!

உழவர் பட்டேலிடம் வந்தனர். உடனே அவர் கொடி தூக்கவில்லை. நிலமும் மாடும் பறிபோகும், நன்றாக யோசியுங்கள் என்று சில நாள் தவணை கொடுத்தார். ஆளுநருக்குக் கடிதம் எழுதினார். 1928 பெப்ரவரி 12இல் நிறைவேறிய தீர்மானத்தைச் சட்டத்தரணிகள் படித்துப் பார்க்க வேண்டும். வரியே வேண்டாம் என்று அதில் இல்லை. பழைய தொகையை முழு வரியாக ஏற்றுக்கொள், அல்லது நடுநிலையான விசாரணை மன்றம் அமை. அதுவரை செலுத்தோம் என்பதே கோரிக்கை. அடைபட்ட நீதிமன்றத்துக்குப் பதிலாக வேறொரு நீதிமன்றம் கேட்டார். இதைவிடச் சிறிய கோரிக்கை வேறில்லை. மறுப்பதற்கு இதைவிடக் கடினமானதும் வேறில்லை. பெரிய முழக்கங்களை எழுதிப் பழகிய எங்களுக்கு இது உறைக்க வேண்டும்.

ஜப்திக்காரர் வந்தனர். உழவர் எருமைகளோடு தாமும் வீட்டுக்குள் கதவடைத்துக் கிடந்தனர். பறிமுதலான நிலங்கள் அற்ப விலைக்கு விற்கப்பட்டன. ஆயினும் ஊர் கலையவில்லை. ஆகஸ்டில் அரசாங்கம் இறங்கி வந்தது. ப்ரூம்ஃபீல்ட், மாக்ஸ்வெல் என்ற இரு அதிகாரிகள் விசாரிக்க, உழவருக்காகப் புலாபாய் தேசாய் என்னும் பெரும் வழக்கறிஞர் தோன்றினார். வரியை உயர்த்த ஆதாரமாகக் காட்டிய குத்தகைக் கணக்குகள் ஒழுங்காகச் சோதிக்கப்படாதவை என்று தெரியவந்தது. 22 வீதம் 6.03 ஆயிற்று.

ஒன்றை மறைத்தால் நான் நேர்மையான சாட்சி ஆகமாட்டேன். அந்நிலங்களில் உழைத்தவருட் பலர் ‘ஹாலி’ என்னும் கடனடிமைகள். அவர்கள் பெயரில் நிலம் இல்லை. ஆகவே வரியும் இல்லை, வழக்கும் இல்லை. 1928இன் வெற்றி அவர்களை விடுவிக்கவில்லை. நிலமுடையவரின் மனுவை அத்துணை நுட்பமாக வரைந்த கை, நிலமற்றவருக்கு அன்று ஒரு மனு வரையவில்லை. இங்கேயும் இந்தப் பந்தலுக்கு வெளியே, குத்தகைக்கும் கூலிக்கும் உழைப்பவர் நிற்கின்றனர். அவர்களையும் உள்ளே அழைத்து அமரச் செய்யும்படி சங்கச் செயலாளரை வேண்டுகிறேன். அதன்பின் உங்கள் வினாக்களைக் கேளுங்கள். இருந்து விடை கூறுகிறேன்.