பழசை எப்போ டெலீட் பண்ணலாம்?

கொரோனா வந்ததும் லுஃப்தான்சா தன்னோட 14 ஏ380 விமானங்களையும் ஓரங்கட்டியது. 'இனி வராது'ன்னு தலைமையே சொல்லிச்சு. ஆனா 2023 ஜூன்ல மியூனிக்கிலிருந்து பாஸ்டனுக்கு அது மறுபடி பறந்தது.

ஏன்? பயணிகள் திரும்பிட்டாங்க. 2020-ல வர வேண்டிய போயிங் 777எக்ஸ் வரவே இல்ல.

6 விமானங்களை ஏர்பஸ்ஸுக்கே விற்க 2019-லயே முடிவாகியிருந்தது. மிச்சம் 8. ஸ்பெயினில் தெருவேலின் வறண்ட காற்றில், இன்ஜினை மூடி, பராமரித்து நிறுத்தியிருந்ததால்தான் அவற்றை எழுப்ப முடிந்தது. உடைத்திருந்தால்? புதுசு வாங்கவும் வழியில்லை. ஏ380 தயாரிப்பே 2021-ல நின்னுபோச்சு.

போன வருஷம் புது சர்வர் தயாராகும் முன்னாடியே பழசை அழிச்சுட்டு, ராத்திரி முழுக்க முழிச்சிருந்தேன். அதான் சொல்றேன்: புதுசு ஓடுற வரைக்கும் பழசு இருக்கட்டும். ஆனா சும்மா இல்ல, பராமரிப்போட!