விமானம் உரிமையாளருக்கு, டிக்கெட் பணம் யாருக்கு?



ஆலங்குடிப் பக்கத்து மக்களுக்கு விமானம் என்றால் திருச்சிதான். புதுக்கோட்டையில் திருச்சி பஸ் ஏறினால் கீரனூர், மாத்தூர் தாண்டி, டவுனுக்கு முன்பே ஏர்போர்ட் ஸ்டாப் வந்துவிடும். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று பிழைக்கப் போகிற பிள்ளைக்கு டிக்கெட் போட நகையை அடகு வைக்கிற வீடுகளும் உண்டு. நடுவில் விமானக் கம்பெனியே மூடிவிட்டால் அந்தப் பணம் என்ன ஆகும்? நம் தமிழ்நாட்டில் பிறந்து சீக்கிரமே மறைந்த ஒரு கம்பெனியை வைத்து இதைப் பேசலாம்.

பாரமவுண்ட் ஏர்வேஸ். மதுரையின் ஜவுளித் தொழிலிலிருந்து வந்த எம். தியாகராஜன் தொடங்கிய நிறுவனம். 2005 அக்டோபரில் பறக்க ஆரம்பித்தது. பிரேசில் நாட்டு எம்ப்ரேயர் 170, 175 ரக ஜெட்டுகளை இந்தியாவுக்கு முதலில் கொண்டுவந்தது இவர்கள்தான். உள்ளே நுழைந்தால் இந்தப் பக்கம் இரண்டு சீட், அந்தப் பக்கம் இரண்டு சீட். நடுவில் மாட்டிக்கொண்டு முழங்கையை ஒடுக்கி உட்காரும் அவஸ்தை யாருக்கும் இல்லை. மதுரை, கோவை வியாபாரிகள் காலையில் சென்னை போய் வேலையை முடித்துத் திரும்ப அது தோதாக இருந்தது.

கணக்கும் கெட்டிக்காரக் கணக்குதான். இவர்களுடையதைப் போல 80 இருக்கைக்குக் குறைந்த விமானத்துக்கு அப்போது இறங்கு கட்டணம் கிடையாது. 40,000 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள விமானம் என்றால் எரிபொருளுக்கு அன்று விற்பனை வரி 4 சதவீதம்தான். பெரிய விமானங்களுக்கோ பல மாநிலங்களில் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தது. செலவில் பெரும்பங்கு எரிபொருள் என்னும்போது இது சின்னச் சலுகை அல்ல.

ஆனால் விமானங்கள் சொந்தமல்ல, குத்தகைக்கு எடுத்தவை. குத்தகைக்கு விட்ட ஜிஇ குழுமத்தின் நிறுவனம் பாக்கி இருக்கிறது என்றது. வழக்கு லண்டன் வரை போனது. விமானங்கள் கைவிட்டுப் போக, 2010இல் சேவை நின்றது. பிறகு கோவையிலிருந்து ஏர் கார்னிவல் வந்தது. 2016 ஜூலையில் தொடங்கி 2017 ஏப்ரலில் முடிந்துவிட்டது.

சிறிய கம்பெனி விழுவது உலகம் முழுக்க நடப்பதுதான். விழும்போது யாரைக் காப்பாற்றுகிறோம் என்பதில்தான் எனக்கு ஆதங்கம். பிரிட்டனில் கோர்ட் லைன் என்றொரு கம்பெனி, விடுமுறைப் பயணிகளை வாடகை விமானங்களில் ஸ்பெயினுக்கும் மற்ற இடங்களுக்கும் ஏற்றிப் போனது. 1973இல் எண்ணெய் விலை ஏறியது, பெரிய விமானங்கள் வாங்கிய கடனும் சேர்ந்து அழுத்தியது. 1974 ஆகஸ்டில், விடுமுறைக் காலத்தின் நடுவே, கம்பெனி நொடித்தது. ஆயிரக்கணக்கானோர் வெளிநாடுகளில் சிக்கி நின்றார்கள். முன்பணம் கட்டி வீட்டில் காத்திருந்தவர்கள் இன்னும் அதிகம். அடுத்த ஆண்டே அந்த நாடு பயணிகளுக்காக ஒரு காப்பு நிதி ஏற்படுத்தியது. இன்றும் அங்கே சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒவ்வொரு பயணிக்கும் இரண்டரை பவுண்டு அந்த வகை நிதிக்குக் கட்டுகிறார். கம்பெனி கவிழ்ந்தால் திரும்ப அழைத்து வருவதும், பணத்தைத் திருப்பித் தருவதும் அதிலிருந்துதான்.

நம் நாட்டில் 2025இல் ஒரு புதிய சட்டம் வந்தது. குத்தகை கட்டாவிட்டால் விமானத்தின் உரிமையாளர் அதை எளிதாக மீட்டுக்கொள்ள வழிசெய்யும் சட்டம். நல்லதுதான்; உரிமையாளருக்கு நம்பிக்கை வந்தால் குத்தகைத் தொகை குறையும், சிறிய கம்பெனிகளும் பிழைக்கும். ஆனால் முன்கூட்டியே பணம் கட்டி டிக்கெட் வாங்கியவருக்கு அதில் ஒன்றும் இல்லை. கம்பெனி திவாலானால் அவர் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் கடைசியில்தான் நிற்கவேண்டும்.

டிக்கெட்டுக்குச் சில ரூபாய் வீதம் சேர்த்து, கம்பெனியின் கை படாத தனிக் கணக்கில் வைத்தால் இங்கேயும் பிரிட்டனில் உள்ளது போன்ற ஏற்பாடு சாத்தியம். உள்நாட்டில் மட்டும் ஆண்டுக்குப் பதினைந்து கோடிப் பேருக்கு மேல் பறக்கிற நாட்டில் அது சீக்கிரமே பெரிய நிதியாக வளரும். அடுத்து வரும் சட்டத்திருத்தத்தில் இதைச் சேர்க்கும்படி நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்போம்.