அயல்மண்ணில் கற்ற மகளிரின் படிப்பு
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சுள்ளிக்கல்லில் வாழும் நம் குடும்பங்களில் பட்டம் பெற்ற பெண்களுக்குக் குறைவில்லை. ஆயினும், அவர்கள் தமிழில் என்ன படிக்கிறார்கள் என்று வினவினால் விடை கூறத் தயங்குகிறோம். விருப்பமின்மை அன்று காரணம். மணமாகி இங்கு வந்த நாளில் பெட்டியில் கொணர்ந்த நாலைந்து நூல்களோடு பலருடைய தமிழ்ப் படிப்பு நின்றுவிட்டது.

நம் பாட்டிமார் நிலை வேறு. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் ‘பொன்னியின் செல்வன்’ வெளிவந்தபோது, வாரந்தோறும் அப்பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து, பைண்டு செய்து வைப்பது தமிழ்க் குடும்பங்களில் பெருவழக்காயிருந்தது. தைலம், சோப்பு விளம்பரங்களும் கதையோடு சேர்ந்தே கட்டப்பட்டிருக்கும். அவற்றைப் படிப்பதும் ஒரு சுவைதான்! அக்கட்டு வீட்டுக்கு வீடு போயிற்று. தாய் படிக்கக் கண்ட பிள்ளைகள் தாமும் எழுத்துக்கூட்டலாயினர்.

கடல் கடந்து வாழ்ந்த கற்ற பெண்மணி என்றதும் நம் நினைவுக்கு வருபவர் ‘லக்ஷ்மி’ என்னும் டாக்டர் திரிபுரசுந்தரி. மருத்துவம் பயிலப் பொருள் போதாதபோது ‘ஆனந்த விகட’னில் கதைகள் எழுதிப் படிப்பைத் தொடர்ந்தவர் அவர். 1955-இல் மணமாகித் தென்னாப்பிரிக்கா சென்று, இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே வாழ்ந்து திரும்பினார். ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்காக 1984-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றார். அத்தனை தொலைவிலும் அவரை விட்டு அகலாத தமிழ், ஒரு மலைத்தொடரை மட்டுமே தாண்டி வந்த நம்மை விட்டு அகலுவானேன்?

கைபேசியில் படிக்கலாமே என்பார்கள். படிக்கலாம். ஆனால், தாய் கைபேசியில் நாவல் படிக்கிறாளா, படம் பார்க்கிறாளா என்பது குழந்தைக்குத் தெரியாது. கையில் நூல் இருந்தால் தெரியும்.

மலையாளம் படித்தால் தமிழ் தேய்ந்துவிடும் என்ற அச்சமும் நம்மில் சிலருக்கு உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. தகழியின் ‘செம்மீ’னைச் சுந்தர ராமசாமி தமிழாக்கியிருக்கிறார். நம் பெண்மக்கள் பள்ளியில் கற்ற மலையாளத்தில் மூலத்தையும், தாயின் துணையோடு தமிழாக்கத்தையும் அருகருகே வைத்துப் படிக்கட்டும். இரு மொழியும் வளரும்.

இந்த மண்ணிடமே நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. 1945-இல் அம்பலப்புழையில் பி. என். பணிக்கரின் முயற்சியால் 47 நூலகங்கள் ஒன்றுகூடின. அதிலிருந்து கேரளத்தின் நூலக இயக்கம் வளர்ந்தது. அவர் மறைந்த ஜூன் 19 இங்கு வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. வெளியே வர இயலாத பெண்களுக்கும் முதியோருக்கும், பெண் ஊழியர்கள் நூல்களைப் பையில் சுமந்து வீடுதோறும் சென்று வழங்கும் முறையும் இம்மாநில நூலகங்களில் உண்டு. பெண்ணுக்கு நேரமில்லை என்று குறை கூறாமல், நூலையே அவள் வாசலுக்கு அனுப்பினார்கள்.

நம் சங்கத்திற்கு ஓர் அலமாரியும் இரண்டு துணிப்பைகளும் போதும். சனிக்கிழமை மாலையில் ஒரு பை மட்டாஞ்சேரிப் பக்கமும், மற்றொன்று தோப்பும்படிப் பக்கமும் செல்லட்டும். ஊருக்குப் போய் வருவோர் முறுக்கோடு ஒரு நூலும் வாங்கி வரட்டும். முறுக்கை வேண்டாம் என்பார் இங்கு எவருமிலர்! அலமாரியின் சாவி மகளிரிடமே இருத்தல் வேண்டும். அது எவரிடம் என்பதை இன்றைய பொதுக்கூட்டத்திலேயே முடிவு செய்யுமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.