திறப்பை யாரிடம் கொடுப்பது?

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சிறு வணிகர் தம் கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பை வெளியார் ஒருவரிடம் ஒப்படைப்பது பற்றியே இன்று நாம் பேச எடுத்துக்கொண்டோம். சமயச் சொற்பொழிவும் இலக்கிய உரையும் கேட்டுப் பழகிய இம்மண்டபத்தில் இது சற்றே வறண்ட பொருள் என்பதை அறிவோம். எனினும் இங்கு வீற்றிருக்கும் பெரியோர்களிற் பலர் கடை நடத்துபவர்கள். இளைஞரிற் பலரோ, அக்கடைக் கணினிகளை ‘ஒருக்காப் பார்த்துவிடு, தம்பி’ என்று அழைக்கப்படுபவர்கள். ஆகவே இரு சாராருக்கும் இதிற் பங்குண்டு.

முன்னாளில் ஒரு கடையின் உயிர் பேரேட்டில் இருந்தது. முதலாளி இரவிலே அதனைப் பூட்டி வைத்துத் திறப்பை மடியிற் செருகிக்கொண்டு போவார். இன்று கடன்காரர் கணக்கும், இருப்புக் கணக்கும், சிட்டை எழுதுவதும், வங்கியோடு கொண்ட தொடர்பும் ஒரு கணினிக்குள் அடங்கிவிட்டன. அதன் திறப்பு யாருடைய மடியில் இருக்கிறது என்று கேட்டால் நம்மவரிற் பலர் விழிப்பர். அநேகமாக அது ‘கணினி பார்க்கிற தம்பி’யின் ஞாபகத்தில் இருக்கும். தம்பி நல்லவன், கூப்பிட்ட குரலுக்கு வருவான், தேநீர் கொடுத்தாற் போதும். ஆனால் அவன் ஒருநாட் கனடாவுக்குப் போய்விடுகிறான். அவனோடு கடவுச்சொல்லும் விமானம் ஏறிவிடுகிறது.

இந்த நிலைக்கு மாற்றாக உலகெங்கும் வளர்ந்திருப்பதே பராமரிப்புச் சேவை நிறுவனம் எனப்படுவது. பழுது வந்தபின் அழைத்துக் கூலி கொடுப்பதற்குப் பதிலாக, மாதந்தோறும் ஒரு குறித்த தொகையைக் கொடுத்து, கணினிகளைக் கண்காணித்தல், மென்பொருளைப் புதுப்பித்தல், காப்புப் பிரதி எடுத்தல், ஊழியரின் சந்தேகங்களைத் தீர்த்தல் ஆகிய யாவற்றையும் அந்நிறுவனத்திடம் ஒப்படைத்தலே இதன் முறை. இதிலே ஒரு நியாயம் உண்டு. பழுதுக்குக் கூலி வாங்குபவனுக்குப் பழுது வந்தால் இலாபம். மாதச் சம்பளம் வாங்குபவனுக்கோ பழுது வந்தால் உழைப்பு வீண். ஆகவே பழுது வராமற் காப்பதே அவனுக்கும் நன்மை. மேலும், ஐந்தாறு கணினிகள் உள்ள ஒரு கடை இதற்கென ஓர் உத்தியோகத்தரை முழுநேரமாக வைத்திருத்தல் கட்டுப்படியாகாது. வைத்தாலும் அவ்வொருவர் வலையமைப்பும், பாதுகாப்பும், கணக்கு மென்பொருளும் ஒருங்கே அறிந்தவராக இருத்தல் அரிது. எனவே பெரும்பாலான சிறு வணிகருக்கு ஒப்படைத்தலே தகும் என்பது நம் கருத்து. அதனை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பின்னர் நாம் சொல்லப்போவதைக் கேட்டு, ‘இவர்கள் வேண்டாம் என்கிறார்கள்’ என்று எவரும் எண்ணிவிடலாகாது.

அந்நிறுவனத்தார் எவ்வாறு வேலை செய்கின்றனர்? நமது ஒவ்வொரு கணினியிலும் ஒரு சிறு முகவர் நிரலை நிறுவுவர். அந்நிரல் அவர்களுடைய மத்திய கணினியின் கட்டளையை எதிர்பார்த்து இராப்பகலாகக் காத்திருக்கும். ஓரிடத்தில் இருந்துகொண்டே 50 கடைகளின் கணினிகளை ஒரே நேரத்தில் அவர்கள் புதுப்பிக்க இயல்வது இதனாலேயே. அதற்காக அந்நிரலுக்கு ஆகக்கூடிய அதிகாரம் கொடுக்கப்பட்டிருக்கும்; முதலாளிக்குக்கூட இல்லாத அதிகாரம் எனலாம். ஒரே திறப்புக் கோவையில் 50 கடைகளின் திறப்புக்கள் தொங்குகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். கள்வன் இனி 50 பூட்டுக்களை உடைக்க வேண்டுவதில்லை. கோவை ஒன்றைப் பறித்தாற் போதுமன்றோ?

இது கற்பனையன்று. 2021ஆம் ஆண்டு யூலை மாதம் 2ஆந் திகதி வெள்ளிக்கிழமை நடந்தது. அமெரிக்காவின் மியாமி நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கசேயா என்னும் கம்பனி, இத்தகைய பராமரிப்பு நிறுவனங்களுக்கு வேண்டிய மத்திய மென்பொருளைச் செய்து விற்பது. அம்மென்பொருளில் இருந்த ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்த ‘ஆர்-ஈவில்’ என்னும் கொள்ளைக் கூட்டத்தார், அதனூடே நுழைந்து, புதுப்பித்தல் என்ற பெயரிலேயே நஞ்சை அனுப்பினர். அமெரிக்க சுதந்திர தின விடுமுறை தொடங்கும் வேளையை அவர்கள் தெரிந்தெடுத்தனர். கந்தோர்களில் ஆட்கள் குறைந்திருக்கும் நேரம் அது. நிரல் வைக்கப்படும் கோப்புறையைச் சோதிக்க வேண்டாம் என்று நச்சு எதிர்ப்பு மென்பொருளுக்கு முன்னரே சொல்லி வைப்பது வழக்கமாக இருந்தது. இல்லையேல் பராமரிப்பு வேலை தடைப்படும். காவலாளியிடம் ‘இவர் நம்மவர், தடுக்காதே’ என்று சொல்லி வைத்த வாசலாலேயே கள்வர் புகுந்தனர்.

நேரடியாகத் தாக்குண்ட நிறுவனங்கள் 60க்கும் குறைவே. ஆனால் அவற்றின்கீழ் இருந்த வணிகங்களில் 800 முதல் 1500 வரை பாதிக்கப்பட்டதாகக் கசேயா கணக்கிட்டது. பல் வைத்தியசாலைகள், கணக்காளர் கந்தோர்கள், நியூசிலாந்திலே பாடசாலைகள் என அவற்றுட் பெரும்பாலானவை சிறியன. எல்லாவற்றையும் ஒருங்கே திறந்துவிட 7 கோடி டொலர் வேண்டுமெனக் கொள்ளையர் கேட்டனர்.

சுவீடன் தேசத்திலே நடந்ததுதான் நம் வணிகர் நன்கு சிந்திக்கத் தக்கது. அங்கே கூப் என்பது கூட்டுறவு முறையில் நடைபெறும் பெரிய பலசரக்குக் கடைத் தொடர். மறுநாட் சனிக்கிழமை அதன் 800 கடைகள் வரை மூடப்பட்டன. சாமான்கள் தட்டுகளில் இருந்தன. வாங்குவோர் வாசலில் நின்றனர். காசுப் பதிவுப் பொறி மட்டும் இயங்கவில்லை. இதிலே வியப்பு என்னவெனில், கூப் கசேயாவின் வாடிக்கையாளர் அன்று. அதன் காசுப் பொறிகளைப் பராமரித்த வேறொரு நிறுவனமே கசேயாவின் மென்பொருளைப் பயன்படுத்தியது. நாம் நம்பியவர் யாரை நம்பியிருக்கிறார் என்பது நமக்குத் தெரியாமலே நம் கடை மூடப்படலாம்.

இங்கே ஒரு சிறு செய்தி, இளைஞர்களுக்காக. ஒல்லாந்து தேசத்திலே தொண்டர்களாகச் சேர்ந்து இத்தகைய ஓட்டைகளைத் தேடி அறிவிக்கும் ஒரு சங்கம் உண்டு. அவர்கள் 2021 ஏப்ரிலிலேயே இவ்வோட்டையைக் கண்டு கசேயாவுக்கு அறிவித்தனர். கசேயாவும் வாளாவிருக்கவில்லை; ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வந்தது. அடைத்து முடியுமுன் கள்வர் வந்துவிட்டனர். யூலை 21ஆந் திகதி பூட்டைத் திறக்கும் நிரல் கசேயாவின் கைக்கு வந்தது. உக்ரைன் தேசத்தவர் ஒருவருக்கு இக்குற்றத்திற்காக 2024 மே மாதத்தில் 13 ஆண்டும் 7 மாதமும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஆயினும் அந்த 19 நாட்களுக்குள் ஒரு சிறு கடைக்காரர் பட்ட பாட்டை எந்த நீதிமன்றம் ஈடு செய்யும்?

நம் நாட்டிலும் பாடம் உண்டு. 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சற் சேவை இவ்வாறே தாக்குண்டது. அமைச்சுக்கள் தனித்தனியே நடத்தியதன்று அது. எல்லோருக்குமாக ஒரு மத்திய நிறுவனம் நடத்தியது. காப்புப் பிரதியும் தாக்குதலிற் சிக்கியமையால், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் மீளாமற் போயின. காப்புப் பிரதி இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் வீடு எரியும்போது வீட்டுக்குள்ளேயே வைத்த உறுதிப் பத்திரம் போல, அதுவும் சேர்ந்து எரிந்தது.

எனவே ஒப்பந்தத்திற் கையெழுத்திடுமுன் வணிகர் கேட்கவேண்டியவை சில உள. முதலாவது, நம் தரவின் ஒரு பிரதியேனும் அவர்களுடைய திறப்புக்கு எட்டாத இடத்தில் இருக்கிறதா? வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வன்தட்டிற் பிரதி எடுத்து, கழற்றி, வீட்டு அலுமாரியில் வைக்கும் முதலாளி, இலட்சக்கணக்கிற் செலவு செய்தும் இதனைச் செய்யாதவரிலும் பாதுகாப்பானவர். ஆண்டுக்கு இரண்டு முறையாவது அப்பிரதியிலிருந்து கணக்கை மீட்டுப் பார்க்கவும் வேண்டும். மீட்டுப் பாராத பிரதி, பிரதியென்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது மட்டுமே.

அடுத்தது, சொற்களைக் கவனிக்க. ‘நான்கு மணித்தியாலத்துக்குள் பதில்’ என்று ஒப்பந்தத்தில் இருக்கும். அது பதில்தான், தீர்வன்று. ‘உங்கள் முறைப்பாடு கிடைத்தது’ என்று எழுதி அனுப்பினாலும் அவ்வொப்பந்தம் நிறைவேறியதாகும். எத்தனை மணித்தியாலத்தில் மீண்டும் சிட்டை எழுதலாம் என்பதே கடைக்காரர் கேட்கவேண்டியது. இணையப் பெயர், மின்னஞ்சற் கணக்கு, மென்பொருள் உரிமம் என்பன யார் பெயரிற் பதியப்பட்டுள்ளன என்பதையும் பார்க்க வேண்டும். நிறுவனத்தின் பெயரில் இருந்தால், பிரிய நேரும்போது நம் பெயர்ப்பலகையையே அவரிடம் விலைக்கு வாங்க வேண்டிவரும்.

2022 மே மாதத்தில் ஐக்கிய இராச்சியம், அவுஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் பாதுகாப்பு அமைப்புக்கள் இது குறித்து ஒருமித்து ஓர் அறிவித்தல் விடுத்தன. இரண்டு படியிலான அடையாளச் சோதனை இன்றி எவரும் தொலைவிலிருந்து நுழையலாகாது. நுழைந்தவர் யாவர் என்ற பதிவு ஆறு மாதமேனும் பேணப்பட வேண்டும். வேண்டிய அளவுக்கு மேல் அதிகாரம் கொடுக்கலாகாது என்பன அதிற் சில. இவற்றைக் கேட்டால் நல்ல நிறுவனத்தார் கோபிக்க மாட்டார். கோபிப்பவரை நாம் முன்னரே அறிந்துகொள்வது நல்லது.

‘மலிவாகச் செய்யத் தம்பி இருக்கிறானே, இத்தனை கேள்வி எதற்கு?’ என்று பெரியோர் சிலர் எண்ணலாம். தம்பியிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள் என்பதே நம் மறுமொழி. அவனும் திறப்பு வைத்திருப்பவனே. கடவுச்சொற்களை ஒரு கடதாசியில் எழுதி உறையிலிட்டு முத்திரையிட்டு முதலாளியிடம் ஒப்படைக்க அவனாலும் முடியும். இளைஞர்களே, இவ்வேலையைத் தொழிலாகக் கொள்ள எண்ணியிருப்பவர்கள் உங்களில் உளர். முதல் நாளிலேயே அவ்வுறையைக் கேளாமற் கொடுத்துப் பாருங்கள். கடைக்காரர் உங்களை விட்டுப் போக நினையார்.

கையெழுத்திட்ட ஒப்பந்தப் பத்திரம் வைத்திருக்கும் கடைக்காரர் எவரேனும் அடுத்த கூட்டத்துக்கு அதனைக் கொண்டுவரின், தொகையை மறைத்துவிட்டு, சங்க வாசிகசாலையில் அமர்ந்து வரி வரியாக உடன் வாசிக்க நாம் ஆயத்தமாயிருக்கிறோம்.