ஒரு தொட்டி, பல கூட்டம்



மாரி ஓய்ந்து நீர் தெளிந்த நாள்களில் உடையார்கட்டுக் குளத்தின் அலைகரையில் நின்று பார்த்தால், விரல் நீளமும் இல்லாத மீன்கள் நூறாய் இருநூறாய்த் திரள்வதைக் காணலாம். ஒன்று திரும்பினால் அத்தனையும் திரும்பும். தலைவனும் இல்லை, கட்டளையும் இல்லை. ஒவ்வொன்றும் பக்கத்து மீனைக் கண்ணால் பார்க்கிறது. நீரின் அசைவை உடலில் ஓடும் பக்கக்கோடு என்ற புலனால் உணர்கிறது.

இத்தகைய மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்க விரும்புகிறவர், கடையில் நியோன் ரெற்றா இரண்டு, சீப்ரா டானியோ இரண்டு, ரைகர் பாப் இரண்டு என்று வாங்கி வருகிறார். தொட்டியில் நிறங்கள் பல. கூட்டம் ஒன்றும் இல்லை. நியோன் செடிமறைவில் ஒதுங்கி நிறம் மங்குகிறது. ரைகர் பாப் அயல்மீனின் செட்டையைக் கடிக்கிறது. பொல்லாத மீன் என்கிறோம். அதையே எட்டுப் பத்தாக விட்டால் தமக்குள்ளேயே துரத்தித் திரிந்து, அயலாரைப் பெரும்பாலும் மறந்துவிடும்.

கார்ல் வொன் பிரிஷ் என்ற அறிஞர் 1938இல் ஓர் உண்மையை வெளியிட்டார். சிறுமீன் ஒன்றின் தோல் காயப்பட்டால், அதிலிருந்து கசியும் பொருளை உணர்ந்து அதன் கூட்டம் அஞ்சி விலகுகிறது. ஒன்றின் காயம் மற்றவற்றுக்கு எச்சரிக்கை. தன்னினம் அருகில் இல்லாத மீனின் காயத்தை யார் அறிவார்?

2009இல் நாங்கள் செட்டிகுளத்து மெனிக்பாம் முகாமில் இருந்தோம். ஒரே கூடாரத்தில் பல ஊர்ச் சனம். முதியவர்கள் வேலியோரமாக நடந்து, “உடையார்கட்டு ஆக்கள் ஆரும் இருக்கினமோ?” என்று கேட்டபடி திரிந்தார்கள். ஊர்முகம் நாலைக் கண்ட பிறகுதான் பக்கத்துக் கூடாரத்தாரோடு அவர்களுக்குப் பேச்சு வந்தது. தன் கூட்டத்தைத் தேடுவது அயலாரை வெறுப்பதாகாது. அயலாரோடு அச்சமின்றிப் பழகுவதற்கு அதுவே துணை.

ஆகவே, தொட்டி வைப்பவர்களே, இனங்களைக் குறையுங்கள். ஒவ்வோர் இனத்திலும் ஆறுக்குக் குறையாமல் விடுங்கள். டானியோ மேல்நீரில் ஓடும், நியோன் நடுநீரில் உலவும், கொரிடோராஸ் அடிமணலில் மேயும். தொட்டி விசாலமாக இருந்தால் மூன்று கூட்டமும் ஒரே நீரில் வாழும். இடம் சிறிதென்றால் ஓர் இனமே போதும்.